புதுச்சேரி வட்டார ஈமச்சின்னங்களும் பண்டைய ஆடை அணிகலன்களும்

புதுச்சேரி வட்டார ஈமச்சின்னங்கள் என்பன புதுச்சேரி நகரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் உள்ளடக்கிய பகுதியில் காணப்படும், இரும்புக் காலத்தையும் தொடக்க வரலாற்றுக் காலத்தையும் சேர்ந்த புதைப்பிடங்கள் ஆகும். இவை பெருங்கற்காலச் சின்னங்கள் என்ற பொதுப்பெயரால் வழங்கப்படுகின்றன. இவற்றுள் சுத்துக்கேணி, முத்திரையர்பாளையம் ஆகிய இடங்களில் உள்ளவை 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரெஞ்சுத் தொல்லியலாளர்களால் அகழப்பட்டன. சுத்துக்கேணியில் கிடைத்த பொன் அணிகலன்கள் பாரிசு நகரிலுள்ள கீமே அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன.

பண்டைய மக்கள் எதை உடுத்தினர், எதை அணிந்தனர் என்பதை அறியப் புதைப்பிடங்களே உலகெங்கும் முதன்மைச் சான்றாக உள்ளன. சில நாடுகளில் கல்லறைச் சுவர்களில் தீட்டப்பட்ட ஓவியங்கள் ஆடையை நேரடியாகக் காட்டுகின்றன. தமிழகத்துப் புதைப்பிடங்களில் அத்தகைய விளக்கமான ஓவியங்கள் இல்லை. எனவே இங்கு ஆடை பற்றிய செய்திகளை மணிகள், பொன் தகடுகள், நூற்புக் கருவிகள் முதலிய மறைமுகச் சான்றுகளிலிருந்தே பெறவேண்டியுள்ளது. இச்சான்றுகளிலிருந்து எவற்றை உறுதியாகக் கூறலாம், எவற்றைக் கூற இயலாது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஈமச்சின்ன வகைகள்

பெருங்கற்காலம் என்ற பெயர், புதைப்பிடத்தை அடையாளப்படுத்தப் பெரிய கற்களைப் பயன்படுத்தியதால் ஏற்பட்டது. எல்லாப் புதைப்பிடங்களிலும் கற்கள் இருப்பதில்லை. தமிழகத்திலும் புதுச்சேரியிலும் பொதுவாகக் காணப்படும் வகைகள் வருமாறு:

1. முதுமக்கள் தாழி: இறந்தோரின் எலும்புகளையோ உடலையோ இட்டுப் புதைத்த பெரிய மட்பாண்டம்.
2. ஈமப்பேழை: சுடுமண்ணால் செய்யப்பட்ட நீள்வடிவத் தொட்டி. அடியில் வரிசையாகக் கால்கள் அமைந்திருக்கும். செங்கல்பட்டுக்கு அருகிலுள்ள சானூர், சென்னையை அடுத்த பல்லாவரம் போன்ற வட தமிழகக் கடலோரச் சமவெளி ஊர்களில் இவை கிடைத்துள்ளன.
3. கல்வட்டம்: புதைகுழியைச் சுற்றி வட்டமாக அடுக்கப்பட்ட கற்கள்.
4. கற்பதுக்கை: பலகைக் கற்களைக் கொண்டு நிலத்தடியில் அமைக்கப்பட்ட அறை.
5. கற்திட்டை: பலகைக் கற்களால் நிலத்தின்மேல் அமைக்கப்பட்டு, மேலே மூடுகல் இடப்பட்ட அறை.

இறந்தோரை எரித்தல், வெட்டவெளியில் இடுதல், குழியில் புதைத்தல், தாழியில் இட்டுக் கவித்தல் முதலிய முறைகள் வழக்கில் இருந்ததை மணிமேகலைக் காப்பியம் குறிப்பிடுகிறது. தாழியில் புதைக்கும் வழக்கம் புறநானூற்றுப் பாடல்களிலும் பேசப்படுகிறது. எனவே இவ்வழக்கங்களில் சில, இலக்கியங்கள் இயற்றப்பட்ட காலம் வரை நீடித்தன அல்லது நினைவில் இருந்தன எனலாம்.

அகழாய்வு வரலாறு

புதுச்சேரி நகருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் அமைந்த அரிக்கமேடு என்னும் தொல்லூரின் சிறப்பை, புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சு அறிஞர் சூவோ துப்ராய் 1930-களில் வெளிக்கொணர்ந்தார். 1945-இல் அப்போதைய இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநர் மார்ட்டிமர் வீலர் அங்கு அகழாய்வு மேற்கொண்டார். அதன் பின்னர் 1947-க்கும் 1950-க்கும் இடையில் பிரெஞ்சுத் தொல்லியலாளர் சான் மரி காசல் அகழாய்வைத் தொடர்ந்தார். அரிக்கமேட்டை அவர் வீராம்பட்டினம் என்ற பெயரால் குறித்தார்.

மக்கள் வாழ்ந்த ஊரை மட்டும் ஆராய்வது போதாது என்றும், அவ்வட்டாரத்து மக்கள் இறந்தோரைப் புதைத்த இடங்களையும் ஆராயவேண்டும் என்றும் காசல் கருதினார். இதனால் முத்திரையர்பாளையம், சுத்துக்கேணி ஆகிய இடங்களிலுள்ள ஈமக்காடுகளும் அகழப்பட்டன. காசலும் செனவியேவ் காசலும் இணைந்து எழுதிய அகழாய்வு நூல் 1956-இல் பாரிசில் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. வாழ்விடத்தையும் ஈமத்தலங்களையும் ஒரே நூலில் வைத்து ஆராய்ந்தது இதன் சிறப்பாகும்.

அகழாய்வு நடைபெற்ற காலத்தில் புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. 1954 நவம்பர் 1-இல் ஆட்சிப் பொறுப்பு இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகத்து 16-இல் நிறைவுற்றது. சுத்துக்கேணி அணிகலன்களைக் காண இன்று பாரிசுக்குச் செல்லவேண்டியிருப்பதன் வரலாற்றுப் பின்னணி இதுவே. இதனையொத்த நிலை ஆதிச்சநல்லூருக்கும் உண்டு. 1876-இல் அங்கு அகழ்ந்த செருமானியர் பெடோர் சாகோர், தாம் கண்டெடுத்த பொருள்களைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார்.

ஓவியக் கல்லறைகள்: பாரசீகக் கால ஒப்பீடு

தமிழகத்தில் இரும்புக் கால ஈமச்சின்னங்கள் எழுப்பப்பட்டுக்கொண்டிருந்த காலத்தின் ஒரு பகுதியில், மேற்கு ஆசியாவின் பெரும்பகுதி அக்கிமனியப் பாரசீகப் பேரரசின் ஆட்சியில் இருந்தது (ஏறத்தாழ கி.மு. 550 - கி.மு. 330). இன்றைய துருக்கியில் அப்பேரரசுக்கு உட்பட்டிருந்த பகுதிகளில் மண்மேடுகளுக்கு அடியில் ஓவியம் தீட்டப்பட்ட கல்லறைகள் கண்டுபிடிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் மூன்று குறிப்பிடத்தக்கவை.

தென்மேற்குத் துருக்கியின் எல்மாலி நகருக்கு அருகிலுள்ள கிசில்பெல், கராபுருன் கல்லறைகளை மாக்டெல்ட் மெலிங்க் என்னும் தொல்லியலாளர் ஆராய்ந்தார். கிசில்பெல் கல்லறை கி.மு. 6-ஆம் நூற்றாண்டையும், கராபுருன் கல்லறை கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியையும் சேர்ந்தவை. கராபுருன் கல்லறைச் சுவரில், தாடி வைத்த தலைவன் ஒருவன் மஞ்சத்தில் சாய்ந்திருக்கும் காட்சி தீட்டப்பட்டுள்ளது. அவன் தலையில் பட்டமும் காதில் அணியும் கைகளில் விலங்குத் தலை வடிவில் முடியும் காப்புகளும் காணப்படுகின்றன. பணியாளர்கள் பாரசீக முறையில் உடுத்தியுள்ளனர்.

மூன்றாவது, மேற்குத் துருக்கியின் தினார் நகருக்கு அருகிலுள்ள தத்தார்லி கல்லறை. இதன் அறை மரத்தாலானது. மரப்பலகைகளின் மீதே ஓவியங்கள் தீட்டப்பட்டிருந்தன. பாரசீகருக்கும் கூர்ந்த தொப்பி அணிந்த நாடோடி வீரருக்கும் இடையிலான போர்க்காட்சி இதில் உள்ளது. இக்கல்லறை 1969-இல் கொள்ளையரால் உடைக்கப்பட்டது. அறுத்தெடுக்கப்பட்ட பலகைகளில் சில செருமனியின் மியூனிக் நகரை அடைந்தன. அவை அடையாளம் காணப்பட்டு 2010-இல் துருக்கிக்குத் திரும்பின.

இவ்வோவியங்களிலிருந்து பாரசீகர் இருவகை உடை உடுத்தியமை தெளிவாகிறது. ஒன்று, அகன்ற கைகளும் மடிப்புகளும் கொண்ட நீண்ட அரசவை அங்கி. மற்றொன்று, குதிரையேற்றத்திற்கு ஏற்ற காற்சட்டையும் உடலோடு ஒட்டிய கைகளுடைய மேற்சட்டையும். கற்சிற்பங்கள் வடிவத்தை மட்டுமே காட்டுகையில், ஓவியங்கள் வண்ணத்தையும் காட்டுகின்றன என்பது இவற்றின் தனிச்சிறப்பு.

பாரசீகத் தலைநகரான பெர்சப்பொலிசின் படிக்கட்டுச் சிற்பங்களில் இந்தியத் தூதுக்குழுவும் இடம்பெற்றுள்ளது. அதில் உள்ளோர் பெரும்பாலும் மேலாடையின்றி இடுப்பில் வேட்டி போன்ற ஆடையை உடுத்தியுள்ளனர். குழுத் தலைவன் மட்டும் மேலே துணி போர்த்தியுள்ளான். கி.மு. 480-இல் கிரேக்கத்தின் மீது படையெடுத்த செர்கசு மன்னனின் படையிலிருந்த இந்திய வீரர்கள் பருத்தியாடை அணிந்திருந்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு எழுதியுள்ளார். இச்சான்றுகள் சிந்து ஆற்றை ஒட்டிய வடமேற்கு இந்தியரைப் பற்றியவை. இவற்றைத் தமிழகத்திற்குப் பொருத்திப் பார்ப்பது சரியன்று.

தமிழகத்து ஓவியக் கற்திட்டைகள்

தமிழகத்திலும் ஓவியம் தீட்டப்பட்ட ஈமச்சின்னங்கள் உள்ளன. கிருட்டிணகிரி மாவட்டத்தின் மல்லச்சந்திரம் என்னும் ஊரின் மலைமேல் கற்திட்டைகள் கூட்டமாக அமைந்துள்ளன. அவற்றுள் சிலவற்றின் உட்புறப் பலகைக் கற்களில் வெண்ணிற ஓவியங்கள் காணப்படுகின்றன. புதுச்சேரிக்கு மேற்கே விழுப்புரம் மாவட்டத்திலுள்ள கீழ்வாலை என்னும் ஊரின் பாறைகளில் செங்காவி ஓவியங்கள் உள்ளன. இவை ஈமச்சின்னத்தின் பகுதி அல்ல. ஆயினும் இவ்வட்டாரத்துப் பழைய ஓவிய மரபை அறிய உதவுகின்றன.

இவ்விரு வகை ஓவியங்களும் மனித உருவைக் கோடுகளாலும் ஒரே நிறப் பூச்சாலும் காட்டுகின்றன. உருவம் நடக்கிறதா, குதிரை மீது உள்ளதா, கருவி ஏந்தியுள்ளதா என்பதை அறியலாம். இடையில் உடுத்தியது என்ன, அதன் நிறம் என்ன, எவ்வாறு கட்டப்பட்டது என்பவற்றை அறிய இயலாது. மேலும், ஒரு கற்திட்டையிலுள்ள ஓவியம் அக்கற்திட்டை எழுப்பப்பட்டபோதே தீட்டப்பட்டதா, பிற்காலத்தவர் தீட்டியதா என்பதை ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியே ஆராயவேண்டும். நிலத்தின்மேல் திறந்து கிடக்கும் அறைக்குள் எவரும் எக்காலத்திலும் நுழையக்கூடும். மூடிய மண்மேட்டுக்கு அடியிலுள்ள துருக்கிக் கல்லறைகளுக்கு இந்த ஐயம் பெரிதும் இல்லை.

ஆடை பற்றிய மறைமுகச் சான்றுகள்

அணிகலன்கள்

ஈமச்சின்னங்களில் கிடைக்கும் பொருள்களுள் உடலோடு நேரடித் தொடர்புடையவை அணிகலன்களே. சுத்துக்கேணிப் பொன் அணிகலன்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ என்பவர் 1899 முதல் மேற்கொண்ட அகழாய்வில், நீள்வட்ட வடிவிலான மெல்லிய பொன் பட்டங்கள் கிடைத்தன. இவற்றின் இரு முனைகளிலும் கட்டுவதற்கு வசதி உள்ளதால் நெற்றியில் கட்டப்பட்டவை எனக் கருதப்படுகிறது. 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை அங்கு மேற்கொண்ட அகழாய்விலும் பொன் பட்டம் ஒன்று கிடைத்தது.

ஈரோடு மாவட்டத்திலுள்ள கொடுமணலில் ஒரே ஈமச்சின்னத்தில் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. கருநாடகத்தின் பிரம்மகிரியில் ஒருவருடன் 33 பொன்மணிகளும் 2 கல்மணிகளும் 4 செப்பு வளையல்களும் ஒரு சங்கும் புதைக்கப்பட்டிருந்தன. அதே இடத்தில் வேறு சிலருடன் ஒரு சில மட்பாண்டங்கள் மட்டுமே வைக்கப்பட்டிருந்தன. அணிகலன்கள் அழகுக்காக மட்டுமன்றிச் சமூக நிலையைக் காட்டவும் பயன்பட்டன என்பதற்கு இது சான்றாகும்.

சூதுபவள மணிகளில் வெள்ளைக் கோடுகள் இடப்பட்டவையும் உண்டு. காரப்பொருள் கலந்த கூழால் மணியின் மீது கோலமிட்டுச் சூடேற்றினால் அக்கோடுகள் நிலையான வெண்ணிறம் பெறுகின்றன. தேர்ந்த கைவினைஞரும் நெடுந்தொலைவு வணிகமும் இன்றி இத்தகைய அணிகள் ஒரு சிற்றூரின் புதைகுழிக்கு வந்திருக்க இயலாது.

நூற்புக் கருவிகள்

பருத்தி நூற்கும் தக்களியின் அடியில் கனத்திற்காகச் செருகப்படும் சுடுமண் வில்லைகள் கொடுமணல், கீழடி முதலிய வாழ்விடங்களில் கிடைத்துள்ளன. நூல் நூற்கும் தொழில் ஊர்களில் நடைபெற்றது என்பதை இவை உறுதிப்படுத்துகின்றன. ஆயினும் தக்களி வில்லை நூலைப் பற்றி மட்டுமே கூறும். அந்நூலால் நெய்த துணி எவ்வாறு உடுத்தப்பட்டது என்பதைக் கூறாது.

துணி எச்சங்கள்

பருத்தி, பட்டு போன்ற கரிமப் பொருள்கள் தென்னிந்தியாவின் ஈரமும் வெப்பமும் மிகுந்த மண்ணில் விரைவில் மட்கிவிடுகின்றன. சில சிறப்புச் சூழல்களில் மட்டுமே துணி நெடுங்காலம் எஞ்சுகிறது. அவற்றுள் மூன்று வருமாறு:

* உறைபனி: சைபீரியாவின் பசிரிக் மண்மேடுகளில் பனி உறைந்ததால் ஆடைகளும் கம்பளமும் அழியாமல் கிடைத்தன. 1949-இல் அங்கு கண்டெடுக்கப்பட்ட முடிச்சுக் கம்பளம் உருசியாவின் எர்மிட்டாசு அருங்காட்சியகத்தில் உள்ளது.
* வறட்சி: எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரனிகேயில், பாலைநில வறட்சியால் இந்தியப் பருத்தித் துணிகள் எஞ்சியுள்ளன. மெழுகு போன்ற தடுப்புப் பொருளிட்டுச் சாயம் தோய்த்த துணிகளும் அவற்றுள் அடங்கும்.
* உலோக உப்புகள்: செம்பு, வெள்ளி, இரும்பு ஆகியவை துருப்பிடிக்கும்போது வெளிப்படும் உப்புகள் நுண்ணுயிர்களைத் தடுக்கின்றன அல்லது நாரின் வடிவத்தை அப்படியே படிமமாக்குகின்றன. மொகெஞ்சதாரோவில் வெள்ளிக் கலம் ஒன்றில் ஒட்டியிருந்த பருத்தித் துணி இவ்வாறே தப்பியது.

தமிழகத்தைப் பொறுத்தவரை முதல் இரு சூழல்களும் இல்லை. இம்மூன்றனுள் மூன்றாவதே வாய்ப்புடையது. எனவே ஈமச்சின்னத்தில் கிடைக்கும் இரும்பு வாளையோ செப்புக் கலத்தையோ உடனே தேய்த்துத் துருவை நீக்கிவிட்டால், அதன் மேலிருந்த துணித் தடம் மீட்க முடியாதவாறு அழிந்துவிடும். இக்காரணத்தால் இக்காலத்தில் உலோகப் பொருள்களைத் தூய்மை செய்வதற்கு முன் அவற்றின் மேற்பரப்பை உருப்பெருக்கியால் ஆராய்வது முறையாக உள்ளது.

இலக்கியச் சான்றுகள்

சங்க இலக்கியங்களில் கலிங்கம், அறுவை, துகில் முதலிய ஆடைப் பெயர்களும் இலைகளால் தொடுத்த தழையாடை பற்றிய குறிப்புகளும் உள்ளன. பாம்பின் தோலுரியைப் போன்ற மெல்லிய துணியைப் பொருநராற்றுப்படை குறிப்பிடுகிறது. ஆடை இருவகைப்பட்டிருந்தது என்பதையும், மென்துகில் பரிசிலாக வழங்கத்தக்க மதிப்புடையது என்பதையும் இதனால் அறியலாம். எனினும் ஒரு குறிப்பிட்ட ஈமச்சின்னத்தில் புதைக்கப்பட்டவர் எந்த ஆடை உடுத்தினார் என்பதற்கு இலக்கியம் சான்றாகாது.

அரிக்கமேடும் துணித்தொழிலும்

அரிக்கமேட்டு அகழாய்வில் செங்கற்களால் கட்டப்பட்ட சிறு தொட்டிகள் வெளிப்பட்டன. இவை துணிக்குச் சாயம் தோய்ப்பதற்குப் பயன்பட்டவை என வீலர் கருதினார். 1989-க்கும் 1992-க்கும் இடையில் அங்கு மீண்டும் அகழாய்வு நடத்திய விமலா பெக்லி, வீலரின் பல முடிவுகளை மறு ஆய்வுக்கு உட்படுத்தினார். அவ்வூரின் தொடக்கம் வீலர் கருதியதை விட முற்பட்டது என்பது அவற்றுள் முதன்மையானது. தொட்டிகளின் பயன் சாயத்தொழில்தான் என்பது பாடநூல்களில் பரவலாக இடம்பெற்றிருப்பினும், அதனை உறுதியான முடிவாக அன்றி ஒரு கருத்தாகக் கொள்வதே பொருத்தமாகும்.

கண்ணாடி மணிகளும் கல்மணிகளும் அரிக்கமேட்டிலேயே செய்யப்பட்டன என்பது ஐயமற்றது. முடிக்கப்படாத மணிகளும் கழிவுகளும் அங்கு பெருமளவில் கிடைத்துள்ளன. கி.பி. முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடற்பயண நூலான பெரிப்புளுசு குறிப்பிடும் பொதுகே என்னும் துறைமுகம் இவ்விடமே எனப் பலரும் கருதுகின்றனர். அதே நூல் அர்காரு என்னும் உறையூரின் மென்துணியைப் பற்றியும் கூறுகிறது. தமிழகத் துணியின் புகழுக்கு அயலவர் எழுத்தும், எகிப்தியப் பாலைவனத்தில் எஞ்சிய இந்தியத் துணியும் சான்றாக இருக்க, அத்துணியை நெய்தோரின் மண்ணில் அது எஞ்சவில்லை.

விளக்கத்தின் எல்லைகள்

ஈமச்சின்னச் சான்றுகளைப் பயன்படுத்துகையில் கீழ்க்காணும் வரையறைகளை மனத்திற் கொள்ளவேண்டும்.

முதலாவதாக, தமிழகப் புதைப்புகளுள் பல இரண்டாம் நிலைப் புதைப்புகள் ஆகும். உடல் வேறிடத்தில் கிடந்து தசை நீங்கிய பின்னர் எலும்புகள் மட்டும் திரட்டப்பட்டுத் தாழியில் இடப்பட்டன. முழு உடல் கிடத்தப்பட்ட புதைகுழியில், கழுத்தெலும்பின் அருகே உள்ள மணி கழுத்தணி என்றும் மணிக்கட்டில் உள்ளது கைவளை என்றும் கூறலாம். எலும்புகளே இடம் மாறிய தாழியில் இவ்வாறு கூற இயலாது. ஆயிரம் மணிகள் கிடைத்தாலும் அவை ஒரு மாலையா, இடையணியா, ஆடையில் தைத்தவையா என்பது தெரியாது.

இரண்டாவதாக, இறந்தோருடன் வைக்கப்பட்டவை அவர்கள் நாள்தோறும் அணிந்தவையாக இருக்கவேண்டும் என்பதில்லை. மிக மெல்லிய பொன் தகடுகள் ஈமச்சடங்கிற்காகவே செய்யப்பட்டிருக்கவும் கூடும். துருக்கிக் கல்லறை ஓவியங்களுக்கும் இவ்வரையறை பொருந்தும். அங்கும் தலைவன் தன்னை எவ்வாறு காட்ட விரும்பினான் என்பதே தீட்டப்பட்டுள்ளது.

மூன்றாவதாக, பெரிய ஈமச்சின்னத்தை எழுப்பப் பலரின் உழைப்பு தேவை. எனவே அவை சமூகத்தில் உயர்ந்த நிலையில் இருந்தோரைப் பற்றியே மிகுதியாகக் கூறுகின்றன. கல்லை உடைத்தோரும் மணியைத் துளையிட்டோரும் என்ன உடுத்தினர் என்பதற்குச் சான்றுகள் மிகக் குறைவு.

பாதுகாப்பு

அரிக்கமேடு இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அங்கு கிடைத்த பொருள்களில் ஒரு பகுதியைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் காணலாம். ஆனால் சிற்றூர்களின் புறத்தே பரவிக்கிடக்கும் ஈமக்காடுகளுள் பல இத்தகைய பாதுகாப்பைப் பெறவில்லை. செம்மண், சரளைக்கல் எடுத்தல், நிலத்தைச் சமன்படுத்தி வேளாண்மை செய்தல், வீட்டுமனைகளாகப் பிரித்தல் ஆகியவற்றால் கல்வட்டங்கள் அழிகின்றன. தாழிக்குள் பொன் இருக்கும் என்ற நம்பிக்கையில் உடைக்கப்படுவதும் உண்டு.

தத்தார்லி கல்லறையின் பலகைகள் அறுத்தெடுக்கப்பட்ட பின்னரும், ஓவியம் பலகையின் மீதே இருந்ததால் அதனை மீட்டு ஓரளவு பொருள்கொள்ள முடிந்தது. தமிழகத் தாழிகளின் நிலை வேறு. இங்கு செய்தி பொருளில் மட்டும் இல்லை; எந்த மணி எந்த எலும்பின் அருகே எந்த ஆழத்தில் கிடந்தது என்னும் அமைப்பில் உள்ளது. பதிவு செய்யாமல் தோண்டப்பட்ட தாழியிலிருந்து மணிகளைப் பின்னர் மீட்டாலும், அவ்வமைப்பை மீட்க இயலாது. ஆகவே நிலம் தோண்டும்போது தாழியோ கல்வட்டமோ தென்பட்டால் அதனைத் தொடாமல், உரிய வருவாய் அலுவலருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிப்பதே சரியான வழிமுறையாகும்.